ஒட்டி ஆறிய பிறகே வெட்டு: சூடான தாடைகள் கொண்ட அறுவைக் கருவி உருவான விதம்

ரத்தக்குழாயைக் கவ்வி, சூட்டால் ஒட்டி, நடுவில் வெட்டும் கருவியின் ஐந்தாவது மாதிரி பன்றியின் கரோட்டிட் (கழுத்துத்) தமனியில் கசியாத சீல் போட்டது. முதல் நான்கும் தோற்றன. ஒவ்வொன்றும் எதனால் தோற்றது, எதை மாற்றியதும் சரியானது என்பதை வரிசையாக எழுதிவைக்கிறோம். எல்லாமே பணிமேசைச் சோதனை, எல்லாமே இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த திசு. இந்த நிலையில் உள்ள கருவி எந்த உயிர்மீதும் படக்கூடாது. அதற்கு முன் ஐஎஸ்ஓ 14971 வழியிலான இடர் ஆய்வும், ஐஎஸ்ஓ 10993 வழியிலான உயிரொப்புமைச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும்.

1926-இல் நரம்பு அறுவை மருத்துவர் குஷிங்கும் அந்தக் கருவியை உருவாக்கிய போவியும் அறுவை அரங்குக்குக் கொண்டுவந்த மின்கத்தியில் மின்சாரம் திசுவுக்குள்ளேயே பாயும். இங்கே அப்படி இல்லை. ஹீட்டர் தாடையைச் சூடாக்குகிறது, தாடை திசுவைச் சூடாக்குகிறது. உடல் வழியே மின்சாரம் போகாததால் நோயாளியின் தொடையில் ஒட்டும் திரும்புமின் பட்டை தேவையில்லை. ஆனால் தாடையில் ஏற்றிய சூடு, சுவிட்சை அணைத்ததும் மறைந்துவிடாது. வேலையில் பாதி இந்த ஒரு விஷயத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே போயிற்று.

எத்தனை ஜூல் வேண்டும்

தாடையின் ஒட்டும் பரப்பு 3 மி.மீ. அகலம், 18 மி.மீ. நீளம். அதற்குள் திசு 0.5 மி.மீ. தடிமனுக்கு நசுங்கி முழுப்பரப்பையும் நிரப்பினால் 27 கன மி.மீ., அதாவது ஏறத்தாழ 0.027 கிராம். இதை அறைச்சூட்டிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 8 ஜூல் போதும். அதிலுள்ள நீரை ஆவியாக்கத்தான் பெரும்பகுதி செலவு: எடையில் 70 சதவீதம் நீர் போகிறது என்று வைத்தால் இன்னும் 43 ஜூல். ஆக, திசுவுக்கு மொத்தம் 50 ஜூலுக்குச் சற்று மேல்.

முதல் மாதிரியின் தாடைத் தகடு 2 கிராம் ஸ்டெயின்லெஸ். அதை 25-லிருந்து 165 டிகிரிக்கு ஏற்ற 140 ஜூல் வேண்டும். திசுவுக்குத் தேவையானதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். அந்தச் சூடெல்லாம் வேலை முடிந்த பிறகும் தாடையிலேயே உட்கார்ந்திருக்கும், பக்கத்துக் குடலில் பட்டால் அதையும் சுடும். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருந்தால் முதல் இரண்டு மாதிரிகளைக் கடைந்திருக்கவே மாட்டோம். இப்போதைய தகடு 0.6 கிராம். அதற்கு 42 ஜூல் போதும்.

முதல் மாதிரி: வெறும் நைக்ரோம் கம்பி

தாடையின் நடுவே நீளவாக்கில் 0.3 மி.மீ. நைக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகம்) கம்பி, 20 மி.மீ. நீளம். மீட்டருக்கு 15.4 ஓம் வீதம் அதன் தடை 0.31 ஓம். 10 வாட் எடுக்க 5.7 ஆம்பியர் வேண்டும். கைப்பிடியிலிருந்து பெட்டிவரை 3 மீட்டர் கேபிள், 0.75 சதுர மி.மீ. செம்பு. போக வர 6 மீட்டருக்குத் தடை 0.14 ஓம். கம்பியில் 10 வாட் இறங்கும்போது கேபிளில் 4.5 வாட் இறங்குகிறது. கேபிள் வெதுவெதுப்பாக இருப்பது கையில் பட்ட பிறகே இதைக் கணக்குப் போட்டோம். இணைப்பானின் ஊசியில் லேசாக அழுக்குச் சேர்ந்தாலும் கம்பியின் சூடு மாறிவிடும். தடை இவ்வளவு குறைந்த ஹீட்டரை நீண்ட கேபிளின் முனையில் வைத்துத் துல்லியமாக ஆள முடியாது.

அடுத்த சிக்கல் கண்ணுக்கே தெரிந்தது. கம்பி 500 டிகிரி ஏறும்போது 0.14 மி.மீ. நீள்கிறது. கேட்டால் ஒன்றுமில்லாத அளவு. ஆனால் இரு முனையும் இறுகக் கட்டிய 20 மி.மீ. கம்பி 0.14 மி.மீ. நீண்டால் நடுவில் 1 மி.மீ. வில்லாக வளைந்து எழும்பும். எழும்பிய இடத்தில் திசு முதலில் அறுந்தது, இரு முனையருகே பச்சையாகவே கிடந்தது.

கம்பியின் முனைகளைச் சாதாரண ஈயமில்லாச் சால்டரால் பற்றவைத்தது இன்னொரு தவறு. அந்தச் சால்டர் 217 டிகிரியில் உருகும். மூன்றாவது முறை சூடேற்றியபோது ஒரு முனை கழன்றது. நைக்ரோமைச் செம்போடு சேர்க்க ஸ்பாட் வெல்டிங், அல்லது மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாயில் செருகி நசுக்கும் கிரிம்ப். இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் இப்போது தொடுவதில்லை.

நைக்ரோமுக்கு வேறொரு குறையும் உண்டு: சூடேறினாலும் அதன் தடை பெரிதாக மாறாது. ஆகவே கம்பியையே வெப்பமானியாகப் பயன்படுத்த வழியில்லை. தனியாகத் தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியை வைக்க அந்தத் தாடையில் இடமும் இல்லை.

இரண்டாவது: பீங்கான்மேல் பிளாட்டினம்

0.635 மி.மீ. தடிமன் அலுமினாப் பீங்கான் பட்டைமேல் பிளாட்டினப் பசையைப் பாம்புபோல் வளைத்து அச்சிட்டுச் சுட்ட ஹீட்டர். அறைச்சூட்டில் 12 ஓம், 24 வோல்ட்டில் 2 ஆம்பியர், 48 வாட். சூடேறி 20 ஓம் ஆகும்போது வாட் தானாகவே 29-க்கு இறங்கிவிடும், இது கூடுதல் பாதுகாப்பு. அதே கேபிளில் இப்போது இழப்பு ஒரு சதவீதம்தான்.

இந்த ஹீட்டரின் தடையே வெப்பத்தைச் சொல்லிவிடும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.046 ஓம். அப்படியானால் கேபிளின் 0.14 ஓம் 3 டிகிரி பிழை. மின்னோட்டத்துக்கு இரண்டு, அளப்பதற்குத் தனியே இரண்டு என நான்கு கம்பி முறையில் அளந்தால் அந்தப் பிழை போய்விடும். அச்சிட்ட பிளாட்டினம் தூய பிளாட்டினக் கம்பிபோல் நடக்காது, எனவே அட்டவணையை நம்பாமல் ஒவ்வொரு ஹீட்டரையும் பனிநீர், கொதிநீர், 180 டிகிரி சிலிகோன் எண்ணெய் என மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அளக்கும் மின்னோட்டம் 20 மில்லிஆம்பியர். ஹீட்டரை ஓட்டும் மின்துடிப்பு அணைந்து 200 மைக்ரோவினாடி கழித்து அளக்கிறோம், அதற்கு முன் அளந்தால் எண் குதிக்கிறது.

செலவு பற்றி ஒன்று சொல்லவேண்டும். அச்சுத்திரை செய்யும் செலவு, எத்தனை எண்ணிக்கை எடுத்தாலும் ஒன்றுதான். ஒரே திரையில் 8, 12, 18 ஓம் மூன்றையும் அடுக்கி வாங்குவது புத்திசாலித்தனம். 12 ஓம் மட்டும் அச்சிட்டதால் பிறகு வேறு மதிப்பைச் சோதிக்க முடியாமல் கை கட்டிப் போயிற்று.

முதலில் இதை 304 ரக ஸ்டெயின்லெஸ் தகட்டில் எபாக்ஸியால் ஒட்டினோம். ஒரு வாரத்தில் விரிசல். அலுமினா டிகிரிக்கு மீட்டருக்கு 7 மைக்ரான் விரிகிறது, 304 எஃகு 17. 20 மி.மீ. நீளத்தில் 180 டிகிரி ஏறினால் இரண்டுக்கும் 36 மைக்ரான் வித்தியாசம், அதை விறைத்த எபாக்ஸி தாங்காது. தகட்டை 420 எஃகுக்கு மாற்றினோம். அது 10 மைக்ரான்தான் விரிகிறது, வெப்பத்தையும் 304-ஐவிட நன்றாகக் கடத்துகிறது. பசையை, வெப்பம் கடத்தும் சிலிகோனாக மாற்றினோம். விரிசல் நின்றது.

ஆனால் சிலிகோன் வேறொரு கணக்கைக் கொண்டுவந்தது. 0.1 மி.மீ. தடிமன் பசை, 40 வாட் பாயும்போது தன் குறுக்கே ஏறத்தாழ 50 டிகிரியை விழுங்குகிறது. ஹீட்டரின் சூடாகத் திரையில் 165 தெரியும்போது தகடு 115-இல் இருக்கும். ஒரு முழு நாள் இது புரியாமல், மென்பொருளில் பிழை தேடிக்கொண்டிருந்தோம். தகட்டில் ஒட்டிய 0.08 மி.மீ. கே வகைத் தெர்மோகப்பிள்தான் உண்மையைச் சொன்னது. பசையை 0.05 மி.மீ. ஆக்கி, இலக்கை நெருங்கும்போது வாட்டைக் குறைத்தால் இரண்டு எண்களும் சேர்ந்துவிடுகின்றன. தடிமனைச் சீராக்க, பசையில் 50 மைக்ரான் கண்ணாடி மணிகளைச் சிட்டிகை கலந்து அழுத்தினால் போதும்.

இங்கே அகச்சிவப்புக் கேமராவை நம்பி ஏமாறவேண்டாம். மெருகேற்றிய எஃகு வெப்பக்கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும், கேமரா உண்மையில் பாதிகூடக் காட்டாது. தகட்டில் சின்னத் துண்டு பாலிஇமைடு டேப் ஒட்டி அதைப் பார்த்தால் சரியாகக் காட்டும்.

மூன்றாவது: அமுக்கம்

இதுவரை சூட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். சீல் விழாததற்கான பெரிய காரணம் அமுக்கத்தில் இருந்தது.

திசுவுக்குள் சூடு பரவ எடுக்கும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 மி.மீ. தடிமன் திசுவின் மறுபுறம்வரை சூடு போக அரை நிமிடம். 0.5 மி.மீ.க்கு நசுக்கினால் 2 வினாடிக்குள். இரு தாடையிலிருந்தும் சூடு வந்தால் அரை வினாடி. முதலில் மேல்தாடையில் மட்டும் ஹீட்டர் வைத்திருந்தோம். கீழ்த்தாடையின் கட்டி எஃகு சூட்டை உறிஞ்சியது. சீலைப் புரட்டிப் பார்த்தால் மேற்புறம் மெழுகுபோல் வெளுத்திருக்கும், கீழ்ப்புறம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். இரண்டிலும் ஹீட்டர் வைத்த நாளிலிருந்து அந்தப் பிரச்சினை இல்லை.

மின்சாரத்தால் குழாயை ஒட்டும் கருவிகளின் காப்புரிமை ஆவணங்களில் ஒரு சதுர செ.மீ.க்கு 3 முதல் 16 கிலோ அமுக்கம் என்று வரும். 6 கிலோவில் தொடங்கினோம். நம் பரப்புக்கு அது 3.2 கிலோ விசை. ஆனால் தாடையைத் தள்ளும் ஊசி கீல் அச்சிலிருந்து 3 மி.மீ. தொலைவில், விசை விழும் நடுப்புள்ளி 12 மி.மீ. தொலைவில். நெம்பின் கணக்கு நமக்கு எதிராக நான்கு மடங்கு. இழுகம்பியில் 13 கிலோ வேண்டும். கைப்பிடியில் நேரடியாக விட்டால் ஒருவர் 8 கிலோ கொடுப்பார், இன்னொருவர் 25. நடுவே ஒரு சுருள்வில் வைத்து, முழுதாக அழுத்தியதும் வில்லே விசையைத் தீர்மானிக்கும்படி செய்தோம். வில்லின் விசையைத் தராசில் தொங்கவிட்டு அளந்து, மெல்லிய வாஷரால் சரிசெய்தோம்.

கத்தரிக்கோல்போலத் திறக்கும் தாடை, கீல் பக்கம் பலமாகவும் நுனியில் லேசாகவும் கவ்வும். இதைப் பார்க்க ஒரு விலைகுறைந்த வழி உண்டு: இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவே கார்பன் தாளை வைத்துக் கவ்வவும். எங்களுக்கு வந்த முதல் தடம், கீல் பக்கம் அட்டைக் கறுப்பு, நுனிப் பக்கம் 5 மி.மீ.க்கு வெறும் சாம்பல் நிழல். கசிந்த சீல்களெல்லாம் நுனிப்பக்கம் கசிந்ததற்கு அந்தத் தாளே விளக்கம். கீழ்த்தகட்டை நடுவில் ஒரு குறுக்கு ஊசியில் ஆடவிட்டு, நுனிப்பக்கம் 0.1 மி.மீ. தூக்கி அமைத்ததும் தடம் ஒரே கறுப்பாக வந்தது. ஒவ்வொரு கருவியின் தடத்தையும் தேதியிட்டுக் கோப்பில் வைப்பது நல்ல பழக்கம்.

தாடைகள் உலோகத்தோடு உலோகம் தொட்டால் திசு ஒட்டுவதற்குள் நசுங்கி அறுந்துவிடும். நுனியில் ஒன்று, கீலருகே ஒன்று என இரண்டு சிர்கோனியாப் பீங்கான் ஊசிகளைத் தகட்டில் பதித்து 0.1 மி.மீ. துருத்தும்படி தேய்த்தோம். இடைவெளியை இனி அவை காக்கும்.

நான்காவது: வெட்டு எப்போது

தாடையின் நடுவே 0.3 மி.மீ. உயரத்துக்கு வயல் வரம்புபோல ஒரு மேடு வைத்தால் அங்கே அமுக்கம் கூடி, ஒரே சூட்டில் ஒட்டும் வெட்டும் சேர்ந்து நடக்கும் என்று எண்ணினோம். காகிதத்தில் அழகாக இருந்தது. நடைமுறையில், சீல் பிடிப்பதற்கு முன்பே வரம்பு திசுவை அறுத்துவிட்டது. உப்புநீர் ஏற்றியதும் இரு பக்கமும் வாய் திறந்துகொண்டன. வரம்பைத் தாழ்த்தினால் வெட்டு விழவில்லை. நடுவில் ஓர் அளவு கிடைக்கும் என்று 0.05 மி.மீ. வீதம் தேய்த்துக்கொண்டே போனோம். மெல்லிய குழாய்க்குச் சரியாக அமைந்த வரம்பு தடித்த குழாய்க்குப் பிழைத்தது. ஒட்டுவதும் வெட்டுவதும் வேறு வேறு வேலைகள், அவற்றுக்கு வேறு வேறு நேரம் கொடுக்கவேண்டும் என்று அப்போதுதான் முடிவுசெய்தோம்.

முதல் மாதிரியில் தோற்ற நைக்ரோம் ஐந்தாவது மாதிரியில் திரும்பி வந்தது, கம்பியாக அல்ல, 0.5 மி.மீ. அகலம் 0.1 மி.மீ. தடிமன் நாடாவாக. கீழ்த்தாடையின் நடுக்காடியில், ஒரு பீங்கான் பட்டைமேல் கிடக்கிறது. ஒரு முனை அசையாது. மறுமுனையை, சூடு எட்டாத பின்பகுதியில் ஒரு சிறு இலைவில் இழுத்துப் பிடிக்கிறது, 0.3 மி.மீ. ஓட்டம். நீளும் 0.14 மி.மீ.யை வில் வாங்கிக்கொள்வதால் நாடா எழும்புவதில்லை. தடை 0.44 ஓம், 15 வாட்டுக்கு 5.9 ஆம்பியர், 1.5 சதுர மி.மீ. தனிக் கேபிள். 0.8 வினாடித் துடிப்பு, 12 ஜூல். நாடாவின் எடை 8 மில்லிகிராம் என்பதால் அதை 350 டிகிரி ஏற்ற ஒன்றரை ஜூல்கூட ஆகாது, ஆறுவதும் அதே வேகத்தில்.

எதிர்த்தாடையில் நாடா மோதும் இடத்துக்கு டெஃப்ளான் பட்டை வைத்தது தவறு. அது தொடர்ச்சியாகத் தாங்குவது 260 டிகிரி, நாடாவோ அதைத் தாண்டும். பட்டை குழிந்ததோடு புகையும் வந்தது, அந்தப் புகை நச்சு. மேக்கோர் என்ற கண்ணாடிப் பீங்கான் 800 டிகிரி தாங்கும், கார்பைடு கத்தியால் சாதாரண மில்லிங் இயந்திரத்திலேயே கடையலாம். 1 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. ஆழப் பட்டை. அதைவிட மெலிதாக்கினால் விளிம்பு உதிரும்.

நாடாவின் உயரம் விரல்நகத்தளவு தப்பையும் மன்னிக்காது. தகட்டுப் பரப்பிலிருந்து 0.05 மி.மீ. துருத்தியபோது, வெட்டு முடிந்தும் அடியில் நூல்போல ஒரு திசுப்படலம் ஒட்டிக்கொண்டு இழுபட்டது. 0.15 வைத்தபோது சூடேறுமுன்பே திசு கிள்ளி அறுந்தது. ஊசிகளின் 0.1 மி.மீ.யோடு சமமாக வைத்ததும் வெட்டு சுத்தமாக விழுந்தது.

இப்போதைய வரிசை இப்படி: கவ்வி ஒரு வினாடி. 100 டிகிரிக்கு ஏற்றி 1.5 வினாடி நிறுத்தல். பின் 165, 3 வினாடி. ஹீட்டரை அணைத்து, கவ்விய பிடியை விடாமல் 70-க்குக் கீழ் ஆறவிடல். நாடாத் துடிப்பு. 2 வினாடி கழித்துத் திறப்பு.

100-இல் நிறுத்துவதற்குக் காரணம் நீராவி. நேராக 165-க்கு விரட்டினால் திசுநீர் சட்டென்று கொதித்து, தாடையின் பக்கவாட்டில் பீய்ச்சும். பக்கத்துத் திசுவில் அது குளிர்ந்து நீராகும்போது தன் மறைவெப்பம் முழுவதையும் அங்கே இறக்கிவிடும். தாடை ஓரத்திலிருந்து 1, 2, 3 மி.மீ. தொலைவில் வைத்த தெர்மோகப்பிள்களில் இந்தப் பாய்ச்சல் தனி முள்ளாகத் தெரிந்தது, இரண்டடுக்கில் ஏற்றியதும் முள் மறைந்தது. ஆறும்வரை பிடிப்பது கொலாஜனுக்காக. 60–65 டிகிரிக்கு மேல் அது முறுக்கவிழ்ந்து சுருங்கும். ஆறும்போது அமுக்கத்தில் இருந்தால் இரு சுவரும் ஒன்றாக இறுகும், சூட்டோடு விட்டால் பிரிந்துகொள்ளும்.

கட்டுப்பாட்டு நிரலில் ஒரு குழி. ஏறும்போது வாட் உச்சத்திலேயே நிற்பதால், சூட்டை இலக்கில் நிறுத்தும் பிஐடி கணக்கில் பிழையைக் கூட்டிவைக்கும் கூட்டுத்தொகை உறுப்பு வீணாகச் சேர்ந்துகொண்டே போய், 165-ஐத் தாண்டிச் சூடு எகிறியது, திசு கருகித் தகட்டில் ஒட்டியது. இலக்குக்கு 15 டிகிரி அருகே வரும்வரை அந்த உறுப்பைப் பூஜ்யத்தில் கட்டிவைத்ததும் அடங்கிவிட்டது.

ஒட்டிக்கொள்ளும் தகடு

தாடையைத் திறக்கும்போது திசு தகட்டோடு வந்தால், நல்ல சீலும் கிழியும். கண்ணாடிபோல் மெருகேற்றி, 25 மைக்ரான் டெஃப்ளான் பூச்சு போட்டோம், 165 டிகிரியில் அது பத்திரம். பூச்சு முதலில் உரிந்தது விளிம்புகளில்தான். விளிம்பை 0.3 மி.மீ. ஆரத்தில் மழுக்கி, பூச்சுக்கு முன் நுண்மணல் வீசிச் சொரசொரப்பாக்கியதும் நிலைத்தது. தாடையின் வெளிப்புறத்துக்கு 1 மி.மீ. பீக் பிளாஸ்டிக் கூடு, தகட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே காற்று இடைவெளி.

வெடிப்பழுத்தச் சோதனை

குழாயின் ஒரு முனையில் கானுலா என்ற சிறு குழல், மறுமுனையில் நம் சீல், சிரிஞ்சு பம்பில் உப்புநீர், நடுவே அழுத்த உணரி. தாண்டவேண்டிய கோடு 360 மி.மீ. பாதரசம், இயல்பான உச்ச ரத்த அழுத்தமான 120-க்கு மூன்று மடங்கு. தமனியை உப்புநீரில் 4 டிகிரியில் வைத்து, ஒரு நாளுக்குள் பயன்படுத்தவேண்டும். மேசையில் காய்ந்துபோன திசு எளிதில் ஒட்டி நல்ல எண் கொடுக்கும், அந்த எண் பொய். உப்புநீரில் சிறிது மெத்திலீன் நீலம் கலக்கவும். அழுத்தம் விழும்போது நீலம் எங்கே கசிகிறது என்று தெரியும். எங்கள் தொடக்கத் தோல்விகளில் சில சீலின் குற்றமே அல்ல, கானுலாவில் கட்டிய நூல் நழுவியவை. அந்த அளவீடுகளைத் தூக்கியெறிந்து மீண்டும் செய்தோம்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

மின்வழங்கி ஐஇசி 60601-1 தரத்தில், நோயாளிப் பக்கம் முழுதாகத் தனிமைப்பட்டது. கசிவு மின்னோட்டம், உடலில் படும் பிஎஃப் வகைக்கு இயல்பு நிலையில் 100 மைக்ரோஆம்பியருக்குள், இதயத்தையே நேரடியாகத் தொடக்கூடிய சிஎஃப் வகைக்கு 10-க்குள். ஹீட்டரை ஓட்டும் மின்சுவிட்சான மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் மின்சாரம் பாயும் நிலையில்தான் கெடும், அப்போது நிரல் என்ன சொன்னாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். 210 டிகிரியில் தனி ஒப்பீட்டுச் சுற்று ஒரு ரிலேயைத் துண்டிக்கவேண்டும், மைக்ரோகண்ட்ரோலருக்கு அதில் கை இருக்கக்கூடாது. மாஸ்ஃபெட்டை வேண்டுமென்றே குறுக்கிணைத்து இதைச் சோதித்தோம். முதல் முறை ரிலே விடவில்லை. அதன் சுருளுக்குப் போன மின்சாரம் நிரல் ஆளும் கிளையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. வரைபடத்தில் மூன்று பேர் பார்த்தும் கண்ணில் படாத பிழை.

134 டிகிரி நீராவிக் கிருமிநீக்கம் இன்னும் தீரவில்லை. சில சுற்றுகளில் ஈரம் சிலிகோன் ஓரமாக நுழைந்து, ஹீட்டருக்கும் தகட்டுக்கும் இடையிலான காப்புத்தடையை இறக்குகிறது. அடுத்த மாதிரியில் அலுமினாவின் திறந்த முகத்தையும் கம்பி இணைப்புகளையும் கண்ணாடிப் பூச்சால் மூடி, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் 500 வோல்ட்டில் காப்பு அளக்கப்போகிறோம். அலுமினாவுக்குப் பதில் அலுமினியம் நைட்ரைடு வைத்தால் தாடை நீளம் முழுக்கச் சூடு இன்னும் சீராகும். ஆனால் அதன் விரிவு எஃகிலிருந்து மேலும் விலகியது, பசைக் கணக்கை முதலிலிருந்து போடவேண்டும்.